கிளி எடுத்த சீட்டும் டாரட் சீட்டும்

சென்ற ஓணத்துக்குப் பெங்களூரிலிருந்து என் தம்பி மகள் ஊருக்கு வந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதம் முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. வந்த மறுநாளே, "பெரியப்பா, தேதியக் கொஞ்சம் தள்ளி வைக்கப் பாப்பமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். டாரட் சீட்டு. செல்போன் திரை வழியாக ஓர் அம்மாள் மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பலன் சொன்னாராம். விழுந்த மூன்று சீட்டுகளில் ஒன்று பதின்மூன்றாம் எண். வெள்ளைக் குதிரைமேல் கவசம் போட்ட எலும்புக்கூடு, அடியில் 'மரணம்' என்று அச்சு. அதன் பிறகு இவளே ஒரு கட்டு வாங்கித் தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் அதே சீட்டு மறுபடி வந்திருக்கிறது.

பக்கத்தில் முறம் வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என் அம்மை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். "இது நம்ம கிளிச்சீட்டுல்லா மக்களே! கிளிய எங்க?" என்றாள்.

இந்தக் கட்டுரைக்கு மூலம் அம்மையின் அந்தக் கேள்விதான். டாரட் சீட்டு எங்கே பிறந்தது, நம் கிளிச்சீட்டுக்கும் அதற்கும் உறவு உண்டா என்று அன்று முதல் தேடிப் படித்ததை மலருக்காக எழுதித் தருகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த சீட்டிலிருந்து தொடங்கலாம். என் சிறுவயதில் காட்டாக்கடை சந்தைக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு கிளி ஜோசியர் வந்து உட்காருவார். விரித்த துணி, சிறு மரக்கூண்டு, ரெக்ஸின் உறையிட்ட சீட்டு அடுக்கு. பெயரைச் சொன்னதும் கூண்டுக் கதவைத் திறப்பார். கிளி நடந்து வந்து சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாக இழுத்து ஓரமாகப் போட்டு, ஒன்றை மட்டும் அவர் கையில் கொடுக்கும். ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். சீட்டைப் பிரித்தால் முருகன், மீனாட்சி, ஏழுமலையான், கருப்பசாமி, வேளாங்கண்ணி மாதா, சில சமயம் நாகூர் தர்கா. நட்சத்திரக் கணக்கில் 27 சீட்டு வைத்திருப்பதே வழக்கம் என்பர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. கிளி ஜோசியருக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல. களியக்காவிளை தாண்டி வந்து தமிழில்தான் பலன் சொல்வார். மலையாளம் மட்டுமே பேசுகிறவர்களும் கைகட்டி நின்று கேட்பார்கள். வேறு எந்த இடத்திலும் நம் தமிழுக்கு அவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை!

இனி டாரட். எகிப்தின் ரகசிய நூல், பிரமிடுகளின் ஞானம், நாடோடிகள் கொண்டுவந்த வித்தை என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். உண்மை அதைவிடச் சாதாரணமானது, எனக்கு அதைவிடச் சுவையானது. அது ஒரு சீட்டாட்டம்.

காகிதச் சீட்டு சீனத்தில் தோன்றியது. மேற்கே பரவி, எகிப்தை ஆண்ட மம்லுக் சுல்தான்கள் காலத்தில் கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு இனமுள்ள 52 சீட்டுக் கட்டாக அமைந்தது. அத்தகைய கட்டு ஒன்று துருக்கியின் தொப்காப்பி அரண்மனையில் இன்றும் உள்ளது. அதில் அரசனுக்கு அடுத்த சீட்டின் பெயர் 'நாயிப்', அதாவது அரசனின் பிரதிநிதி. ஸ்பானிய மொழியில் சீட்டைக் குறிக்கும் 'நைப்பெ' என்ற சொல் இதிலிருந்து வந்தது என்பர். நம் ஆற்காட்டு நவாபின் 'நவாப்' என்ற சொல்லும் இதே 'நாயிப்' வழி வந்ததுதான். ஐரோப்பாவில் சீட்டு பற்றிய உறுதியான குறிப்புகள் 1370களில் கிடைக்கத் தொடங்குகின்றன. 1377-லேயே பிளாரன்ஸ் நகரம் சீட்டாட்டத்துக்குத் தடை போட்டது. வந்த வேகத்தில் தடை என்றால், எவ்வளவு பேர் ஆடியிருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து வட இத்தாலியில் யாரோ ஒருவர் இந்த நான்கு இனத்தோடு ஐந்தாவதாக ஒரு படவரிசையைச் சேர்த்தார். கோமாளி, தெருவித்தைக்காரன், பேரரசி, பேரரசன், போப்பு, காதல், தேர், சக்கரம், தலைகீழாகத் தொங்குபவன், சாவு, சாத்தான், நட்சத்திரம், நிலா, சூரியன், இறுதித் தீர்ப்பு, உலகம் என 22 சீட்டுகள். நான்கு இனங்களின் 56-உம் இந்த 22-உம் சேர்ந்து 78. இப்படிப்பட்ட சீட்டைப் பற்றிய முதல் பதிவு பிளாரன்ஸில் 1440-ல் கிடைக்கிறது. மிலான் பிரபுக்கள் விஸ்கோன்தி, ஸ்போர்த்சா குடும்பத்தாருக்குத் தங்கப் பின்னணியில் கையால் தீட்டிய கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் பிழைத்திருக்கின்றன. அவை நியூயார்க்கிலும் இத்தாலியின் பெர்கமோ நகரிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. காணாமற்போன நான்கில் சாத்தானும் ஒன்று.

அந்தப் படச்சீட்டுகளின் அன்றைய பெயர் 'த்ரியோன்ஃபி', வெற்றிகள் என்று பொருள். மற்ற நான்கு இனங்களையும் இவை வெட்டும். இவற்றுக்குள் எண் கூடக் கூட வலு கூடும். திருவிழா ஊர்வலத்தில் ஒன்றையொன்று மிஞ்சும் தேர்கள் வருவதுபோல இந்த வரிசை அமைந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பேரரசனையும் போப்பையும் பதின்மூன்றாம் சீட்டான சாவு வெட்டிவிடும். ஆனால் சாவு கடைசி அல்ல. அதற்கு மேலே எட்டுச் சீட்டுகள் இருக்கின்றன. நிலா வெட்டும், சூரியன் வெட்டும், எல்லாவற்றையும் உலகம் வெட்டும். பிரான்சின் மார்செய் நகரின் பெயரால் வழங்கும் பழைய அச்சுக் கட்டுகளில் இந்தச் சீட்டுக்குப் பெயரே போடாமல் விட்டுவிட்டார்கள். எண் மட்டும்தான். 'மரணம்' என்ற எழுத்தை வாசித்துவிட்டு என் தம்பி மகள் பயந்தாளே, அந்த எழுத்து பழைய கட்டில் இல்லை.

இந்த 'த்ரியோன்ஃபி'தான் ஆங்கிலத்தில் 'ட்ரம்ப்' ஆகி, பிறகு எல்லாச் சீட்டாட்டத்துக்கும் பொதுவான சொல்லாயிற்று. நாம் 'துருப்பு' என்பது அந்தச் சொல்தான். நம்மூர்த் திண்ணையில் இருபத்தெட்டு ஆடும்போது துருப்பு இறக்கி வெட்டுகிறோம், தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிச் சிரிக்கிறோம். பத்திரிகைக்காரர்கள் தேர்தல் வந்தால் யாருடைய கையில் 'துருப்புச் சீட்டு' என்று எழுதுகிறார்கள். டாரட்டின் முதற்பெயரைத் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்திருக்கிறோம். 'இஸ்பேட்' என்றால் வாள். 'கிளாவர்' டச்சுக்காரர் சொல், மூவிலைச் செடியைக் குறிப்பது. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரைத் தோற்கடித்த கதையைப் பள்ளியில் படித்தோம். அவர்கள் விட்டுப்போன கிளாவர் மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது.

ஏறத்தாழ 340 ஆண்டுகள் டாரட் பெரும்பாலும் சூதும் பொழுதுபோக்குமாகவே இருந்தது. 1781-ல் பாரிசில் கூர் த ஜெபெலின் என்ற பாதிரியார், உலகத் தொன்மை பற்றிய தன் பெருநூலின் எட்டாம் தொகுதியில், இந்தச் சீட்டுகள் பழைய எகிப்தியப் பூசாரிகள் படமாக ஒளித்துவைத்த ஞானநூல் என்று எழுதினார். சிலர் சீட்டாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவருக்கு அந்த எண்ணம் பளிச்சென்று தோன்றியதாம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகிலேயே ஒருவரும் இல்லை. ஷம்போலியோன் அதை வாசித்துக் காட்டியது 1822-ல். வாசித்த பிறகும் டாரட் பற்றி அங்கே ஒரு வரியும் அகப்படவில்லை. அதற்குள் அல்லியெத் என்பவர் தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'எத்தெய்லா' என்று வைத்துக்கொண்டு, 1785-ல் டாரட் குறி பார்க்கும் முறைக்கு நூல் எழுதி, 1789-ல் அதற்கென்றே ஒரு கட்டும் வெளியிட்டுவிட்டார். பின்பு 1850களில் எலிஃபாஸ் லெவி என்பவர் 22 படச்சீட்டுகளை எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு பொருத்தினார். ஒவ்வொருவரும் ஒரு மாடி கட்டினார்கள். அஸ்திவாரம் இருக்கிறதா என்று எவரும் குனிந்து பார்க்கவில்லை. இதையெல்லாம் தோண்டி எடுத்து விரிவாக எழுதியவர் மைக்கேல் டம்மெட். தர்க்கத் தத்துவத்தில் பேர்பெற்ற ஆக்ஸ்போர்டு அறிஞரான இவர், 1980-ல் டாரட் 'ஆட்டம்' பற்றியே ஒரு பெருநூல் வெளியிட்டார்.

இன்று எல்லார் கையிலும் இருக்கும் படங்கள் 1909-ல் லண்டனில் வெளியான கட்டின் படங்கள். திட்டம் ஆர்தர் வெயிட் என்பவருடையது, வெளியிட்டது ரைடர் நிறுவனம். 78 படங்களையும் சில மாதங்களில் வரைந்து கொடுத்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். சிறுவயதில் ஜமைக்காவில் வளர்ந்து அந்த ஊர்க் கதைகளைச் சொல்லிவந்தவர். அதுவரை சாதாரணச் சீட்டுகளில் ஐந்து கோப்பை, எட்டு வாள் என்று எண்ணிக்கைதான் இருக்கும். பமீலா ஒவ்வொன்றிலும் மனிதர்களை நிறுத்தி ஒரு கதைக்காட்சி தீட்டினார். படத்தைப் பார்த்தே யாரும் ஏதாவது சொல்ல முடியும் என்றானது அதனால்தான். பல காலம் அந்தக் கட்டு வெயிட், ரைடர் இருவர் பெயரால் மட்டுமே அறியப்பட்டது. பமீலா 1951-ல் கடனோடு இறந்தார்.

நம்மவர்களில் சிலர், 'ஜிப்சிகள் இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே, டாரட் நம் குறத்தி கொடுத்த சொத்து' என்பர். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜிப்சிகள் மேற்கு ஐரோப்பாவுக்குள் வந்தது 1400-க்குப் பிறகு. சீட்டு அதற்கு முன்பே அங்கே புழங்கியது. குற்றாலக் குறவஞ்சியின் குறத்தியும், நம் திருவனந்தபுரம் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்து ஆடும் காக்காரிச்சி நாடகத்தின் காக்காத்தியும் பார்ப்பது கைரேகையை, சீட்டையல்ல. ஆகவே இந்தப் பெருமையை விட்டுவிடுவதே நேர்மை.

இந்தியாவுக்கும் தெய்வப்படச் சீட்டு இல்லாமலில்லை. பாபர் 1527-ல் சிந்து நாட்டு அரசருக்குக் 'கஞ்சிபா' சீட்டு அனுப்பிவைத்ததை அவரே எழுதியிருக்கிறார். பிறகு அது நம் மண்ணுக்கேற்ப மாறித் தசாவதாரக் கஞ்சிபா ஆயிற்று. வட்டவட்டமான 120 சீட்டுகள், பத்து அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம். பகலில் ஆடினால் ராமர் சீட்டுக்காரர் முதலில் இறக்க வேண்டும், இரவில் என்றால் கிருஷ்ணர். ஒடிசாவிலும் வங்கத்து பிஷ்ணுபூரிலும் மகாராஷ்டிரத்துச் சாவந்த்வாடியிலும் இன்றும் இவற்றைக் கையால் தீட்டுகிறார்கள். மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் புதுப்புது ஆட்டங்களே வகுத்தார். சீட்டில் சாமி இருந்தும் அதுவும் அடிப்படையில் ஆட்டமாகவே இருந்தது. படம் தெய்வமாக இருப்பதால் மட்டும் சீட்டு குறி சொல்லத் தொடங்கிவிடாது.

அப்படியானால் கிளிச்சீட்டின் வேர் எங்கே? சீட்டில் தேடினால் கிடைக்காது என்பது என் முடிவு. எடுக்கிற கையில் தேட வேண்டும். டாரட்டில் கேட்பவரே கட்டைக் கலைக்கிறார், அவரோ பலன் சொல்பவரோ எடுக்கிறார். நம் வழக்கம் வேறு. கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கிறோமே, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பொட்டலம். எடுப்பது ஒரு சின்னக் குழந்தை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) குடவோலை முறை விரிவாக இருக்கிறது. குடத்திலிருந்து ஓலை எடுக்க வேண்டியவன் எழுத்து வேறுபாடு அறியாத ஒரு சிறுவன் என்று அங்கே விதித்திருக்கிறார்கள். விவகாரத்தில் லாபமோ நஷ்டமோ இல்லாத கை, கள்ளமறியாத கை எடுத்தால்தான் அது தெய்வத்தின் தீர்ப்பு. சீட்டுக் குலுக்குவதைத் தமிழில் 'திருவுளச் சீட்டு' என்றே சொல்கிறோம் அல்லவா! கிளி அந்தக் குழந்தையின் இடத்தில் நிற்கிறது. ஈரானில் ஹாஃபிஸ் கவிதை எழுதிய துண்டுச்சீட்டை ஒரு சிறு பறவையைக் கொண்டு எடுக்கவைப்பார்கள். ஜப்பானிலும் கோயில் பலன்சீட்டைப் பழக்கிய குருவி எடுத்துக் கொடுக்கும் வித்தை இருந்தது. ஆக, கிளி கையில் வந்த அச்சுச் சீட்டு காலண்டர் படக் காலத்தது. கள்ளமற்ற கையைத் தேடும் எண்ணம்தான் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. அதற்கும் முன்னால் கழங்கு போட்டுப் பார்த்த வேலனையும், முறத்தில் நெல் பரப்பிக் குறி சொன்ன கட்டுவிச்சியையும் சங்கப் பாடல்களில் காண்கிறோம்.

இந்த எல்லைப்புறத்தில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பார்கள். அந்த ஆண்டு முழுவதும் அந்த வசனம் வீட்டுச் சுவரில் இருக்கும். 'அது ஜோசியம் அல்ல, ஆசீர்வாதம்' என்று என் நண்பர் ஒருவர் திருத்துவார். திருத்தம் சரிதான். ஆனால் கையை நீட்டும்போது அவர் நெஞ்சும் ஒரு கணம் அடித்துக்கொள்ளும் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கிளி ஜோசியம் நம்மோடு கடல் தாண்டியும் போயிற்று. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் 'மணி' என்ற கிளி நான்கு காலிறுதி முடிவுகளையும் சரியாக எடுத்துக் கொடுத்து உலகச் செய்தியானது. இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது, வென்றது ஸ்பெயின். ஊரில் நிலைமை வேறு. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பாதுகாப்பை இன்னும் கூட்டியது. 2024 ஏப்ரலில் கடலூர் தொகுதி வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று கிளி சீட்டு எடுத்த ஜோசியரை வனத்துறை பிடித்து எச்சரித்து விட்டது. வேட்பாளரும் தோற்றுப்போனார். சிறகு வெட்டிய கிளிக்காகச் சட்டம் பேசுவது நியாயமே, நானும் அதற்கு எதிரி அல்லன். ஆனால் மரத்தடியில் இருப்பவரை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, குளிர்சாதன அறையில் டாரட் விரிப்பவரை 'ஆலோசகர்' என்று அழைக்கிறோமே, அந்தக் கணக்குத்தான் எனக்குப் புரியவில்லை.

இவ்வளவையும் தம்பி மகளுக்குத் துண்டுதுண்டாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள், முகம் தெளியவில்லை. அப்போது அம்மை ஒரு விஷயம் சொன்னாள், நானே அதுவரை கேள்விப்படாதது. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது அவள் அப்பா சந்தையில் கிளிச்சீட்டுப் பார்த்தாராம். கிளி எடுத்தது சனீஸ்வரன் சீட்டு. "எங்கப்பாவுக்க மூஞ்சி அப்படியே கறுத்துப் போச்சு. அந்தக் கிளிக்காரரு பாத்தாரு. 'கிளிக்குப் பசி அண்ணாச்சி, கண்ணு தெரியாம எடுத்துட்டு'ன்னு சொல்லி, ஒரு நெல்லு கூடக் குடுத்து இன்னொண்ணு எடுக்க விட்டாரு. அது முருகன், வள்ளி தெய்வானையோட. அதுக்கப்பறந்தான் உங்க தாத்தா, பெரியப்பா, நீங்க எல்லாரும்."

"அப்ப முதல் சீட்டு பொய்யா பாட்டி?" என்றாள் இவள்.

"எனக்கு என்ன தெரியும்? அந்த மூவாயிரம் ரூவாக்காரி ரெண்டாமத்தது எடுத்தாளா?"

அன்று சாயங்காலம் திண்ணையில் இருபத்தெட்டு ஆட ஆள் கூடியது. நான் டாரட் கட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பிரான்சில் இன்றும் அதை வைத்து ஆடுகிறார்கள். நால்வருக்குப் பதினெட்டுப் பதினெட்டு, நடுவில் ஆறு. ராஜா இனத்தில் பெரியது, படச்சீட்டு எல்லாம் துருப்பு, கோமாளி எப்போது வேண்டுமானாலும் தப்பிப்பான். விதிகளைச் சொல்லி முடிக்கவே அரைமணி நேரமாயிற்று. மூன்றாம் சுற்றில் நான் கோப்பை ராஜாவை இறக்கிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். தம்பி மகளிடம் கோப்பை இனம் தீர்ந்துபோயிருந்தது. கையிலிருந்த சீட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பதின்மூன்றாம் சீட்டை உருவி என் ராஜாமேல் போட்டு வெட்டினாள்.

ஆட்டம் முடிந்தபோது குணுக்கு என் காதில்தான் தொங்கியது.